பழைய பாட்டுக்குப் புதுக் குரல்கள்

பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டு பஞ்ச நிவாரணத்துக்காகப் பிரபல பாடகர்கள் கூடிப் பாடிய பாட்டு ஒன்று, தனது நாற்பதாவது ஆண்டில் மீண்டும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. 2024 நவம்பரில் டிரெவர் ஹார்ன் என்ற இசைத் தயாரிப்பாளர் அதைப் புதுப்பித்து வெளியிட்டார். புதிதாக யாரும் பாடவில்லை. 1984, 2004, 2014 ஆண்டுகளின் ஒலிப்பதிவுகளில் இருந்த குரல்களையே ஒட்டி இணைத்தார்கள். 2014-இல் பாடிய எட் ஷீரன் உடனே ஆட்சேபம் தெரிவித்தார். தம்மைக் கேட்கவில்லை என்றும், கேட்டிருந்தால் மறுத்திருப்பதாகவும் கூறினார்.

தர்ம காரியத்துக்குத் தன் குரல் பயன்படுவதை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார்? இதற்குப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1984 அக்டோபரில் எதியோப்பியாவின் கோரம் என்ற ஊரிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பிய பஞ்சக் காட்சிகள் பிரிட்டிஷ் மக்களை உலுக்கின. பாப் கெல்டாப் என்ற பாடகரும் மிட்ஜ் யூர் என்பவரும் அவசர அவசரமாக ஒரு பாட்டு எழுதினார்கள். நவம்பர் 25-ஆம் தேதி, ஒரே நாளில், முன்னணிப் பாடகர்கள் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் கூடிக் கூலி இல்லாமல் பாடிக் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. ஓராண்டில் சுமார் 80 லட்சம் பவுண்டு திரண்டது. தாட்சர் அம்மையாரின் சர்க்கார் இந்தத் தட்டுக்கும் விற்பனை வரி வேண்டும் என்று முதலில் பிடிவாதம் செய்ததும், பிறகு மக்களின் கண்டனத்துக்குப் பணிந்து அதற்குச் சமமான தொகையைத் தந்ததும் தனிக்கதை. சர்க்கார்கள் எங்கும் ஒரே மாதிரிதான்!

ஆகவே இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அந்தப் பணம் தானியமாகவும் மருந்தாகவும் லாரியாகவும் போயிற்று. கோளாறு பாட்டில் இருந்தது.

பாட்டின் தலைப்பே, இது கிறிஸ்துமஸ் காலம் என்பது அவர்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி. எதியோப்பியாவில் கிறிஸ்தவ மதம் வேரூன்றியது நான்காம் நூற்றாண்டில். அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஜனவரி 7-ஆம் தேதி. நீல நைல் நதி பிறப்பதும் அந்த நாட்டில்தான். பாட்டோ ஆப்பிரிக்காவைத் தண்ணீரும் விளைச்சலும் இல்லாத இடமாகவே காட்டியது. மழை பொய்த்தது உண்மையே. ஆனால் வடபகுதியில் ராணுவ ஆட்சிக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடந்த உள்நாட்டு யுத்தம் பஞ்சத்தைப் பன்மடங்காக்கியது. பாட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தப் பாட்டைத்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப்பித்தார்கள். 1989-இல் மறுபடி எதியோப்பியாவுக்கு. 2004-இல் சூடானின் டார்பர் பகுதிக்கு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா நோய்க்கு. பாடகர்கள் மாறினார்கள், நாடு மாறியது, துன்பம் மாறியது. பாட்டின் பார்வை பெரிதாக மாறவில்லை. எபோலாவுக்காகச் சில வரிகளைத் திருத்தினார்கள். பெனின் நாட்டில் பிறந்த ஏஞ்சலிக் கிஜோவும் பாடினார். ஆனால் அழைக்கப்பட்ட இன்னொருவர் மறுத்துவிட்டார். அவர் பியூஸ் ஓ.டி.ஜி. லண்டனில் பிறந்த கானா வம்சாவளிப் பாடகர். ஆப்பிரிக்கா என்றாலே நோயும் பட்டினியும் என்று சித்திரிப்பது அந்த மக்களின் மானத்துக்கு இழுக்கு, தொழிலுக்கும் சுற்றுலாவுக்கும் கேடு என்பது அவர் வாதம். பத்து ஆண்டுகள் கழித்து ஷீரனின் மனத்தை மாற்றியதும் அந்த வாதமே.

உண்மையில் புதிய தலைமுறை என்பது இதுதான். 1984-இல் யாரைப் பற்றிப் பாடினார்களோ, அந்தக் கண்டத்து மக்களின் பிள்ளைகள் இன்று அதே லண்டனில் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிறார்கள். வெளிநாடுகளில் உழைக்கும் கானா நாட்டவர் ஊருக்கு அனுப்பும் பணம் ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு, இதன் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி அனுப்புகிறவன், தன் ஊரைக் கையேந்தும் ஊராகக் காட்டினால் பொறுப்பானா?

இந்தப் பாட்டு ஏராளமான உயிர்களைக் காத்தது என்பது கெல்டாப்பின் பதில். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காத்தது பணம். பணம் திரட்ட இந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் முதலில் முயற்சி எடுத்தவர் வங்காளக் குடும்பத்தில் பிறந்த சிதார் மேதை ரவிசங்கர். அவர் கேட்டுக்கொண்டதால் ஜார்ஜ் ஹாரிசன் அந்த மக்களின் பெயரிலேயே ஒரு புதுப் பாட்டு எழுதினார். பழையதைத் தூசி தட்டவில்லை.

பிரிட்டனில் டிசம்பர் பிறந்தால் விற்பனைப் பட்டியலில் மீண்டும் தலைகாட்டுவது 1984-ஆம் ஆண்டுத் தட்டே. மற்றப் பதிப்புகளைத் தேடுவோர் குறைவு.