மெஷின் வரட்டும், கூலி ஊரைவிட்டுப் போகக் கூடாது!



தை பிறந்துவிட்டால் குத்தாலம், செம்பனார்கோயில், சீர்காழி, கொள்ளிடம் என எல்லா ரோட்டிலும் அறுப்பு மெஷின் ஏற்றிய லாரிகள்தான். ஆள் வைத்தால் ஏக்கருக்குப் பதினைந்து, இருபது பேர் நாள் முழுக்க நிற்கணும். மெஷின் ஒன்றரை மணி நேரத்தில் அறுத்து, அடித்து, கொட்டிவிட்டுப் போகிறது. மழை திரண்டு நிற்கையில் அதை வேண்டாம் என்று எந்த விவசாயி சொல்வான்? நாமும் சொல்லவில்லை. மெஷின் யார் கையில் இருக்கு என்பதே நம் கேள்வி.

1968ல் கீழத்தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்து, வெளியூர் ஆளை இறக்காதே என்று கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில்தான் டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீயில் கருகின. 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்றைக்கு அறுப்பே கையைவிட்டுப் போச்சு. சட்டத்தில் எழுதின கூலி யாருக்கு?

இது கூலிக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்காதீங்க. ரெண்டு மா, மூணு மா வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் சொந்த வயலை முடித்துவிட்டுப் பக்கத்து வயலில் அறுக்கப் போனவர்கள்தானே? அந்தக் கூலி ஊருக்குள்ளேயே சுற்றியது. இப்போது அதுவும் இல்லை. மெஷின் வாடகையும், புரோக்கர் கமிஷனும் வெளி மாவட்டத்துக்குப் போகிறது. மழை மேகம் கண்டால் வாடகை ஏறுது. செயின் வண்டி மிதித்த வைக்கோல் மாட்டுக்கும் ஆகல.

அறுப்பு வேகமாச்சு, கொள்முதல் வேகமாகல. கையால் அறுத்தால் அரி வயலில் காயும். மெஷின் நெல் ஈரத்தோடு, ஒரே நேரத்தில் வந்து குவியுது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்பினால் நெல் ரோட்டோரத்தில் முளைக்குது.

ஆகவே நாம் கேட்பது:

1. தனி ஆளுக்கு 40, 50 சதவீதம் மானியம் என்றால் மீதிப் பணத்துக்குச் சிறு விவசாயி எங்கே போவான்? ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் அறுப்பு மெஷின், நடவு மெஷின் கொடு!

2. உள்ளூர் இளைஞர்களுக்கு ஓட்டும் வேலை, பெண்களுக்குப் பாய் நாற்றங்கால், நடவு மெஷின் பயிற்சி கொடு!

3. மாவட்ட ஆட்சியர் வாடகையை நிர்ணயித்து, மீறுகிறவர் மீது நடவடிக்கை எடுக்கணும்.

4. கொள்முதல் நிலையங்களில் நெல் உலர்த்தும் இயந்திரம் வை!

மெஷின் நம் சங்கத்துடையதானால் வாடகையும் கூலியும் நம் ஊரில் தங்கும். விவசாயியும் தொழிலாளியும் பிரிந்து நின்றால் லாபம் புரோக்கருக்குத்தான். சேர்ந்து நிற்போம், போராடுவோம், வெல்வோம்!