புதியவரை எழுப்பி நிறுத்தியது போதும்

ஆராதனையின் நடுவே அறிவிப்பு வருகிறது: "முதல் முறையாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்." தோழி அழைத்ததால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் கூச்சத்தோடு எழுகிறாள். சபை முழுவதும் திரும்பிப் பார்த்துக் கைதட்டுகிறது. பெயரும் செல்போன் எண்ணும் எழுத ஒரு சீட்டு நீட்டப்படுகிறது. அடுத்த நிமிடமே பாமாலை எண் சொல்லிப் பாட்டு தொடங்கிவிடுகிறது. பாமாலை என்றால் என்ன, எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சொல்ல ஒரு ஆளில்லை. வாசலில் மட்டும் விசாரணை தவறுவதில்லை: "எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" அந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்பது இருவருக்குமே தெரியும்.

தமிழகத்தின் பல சபைகளில் வரவேற்பு என்ற பெயரில் நடக்கும் இந்தக் கூத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கையைச் சபைப் பத்திரிகையில் பெருமையாக வெளியிடும் நிர்வாகம், ஆறு மாதம் கழித்து அவர்களைத் தேடுவதில்லை. மதம் மாறி வந்தவர் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போக முடியாது. கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட ஆளில்லை. பட்டியல் சாதியில் பிறந்தவரென்றால், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதியும் போய்விடுகிறது. இத்தனையும் இழந்து வந்தவர் இறந்தால், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் முன் சந்தா நோட்டைப் புரட்டிப் பாக்கி பார்க்கும் கமிட்டிகள் இருக்கின்றன. வெட்கக்கேடு!

வழி தெரியாமல் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்னக்கல் பேராயரான அசரியா, எழுதப் படிக்கத் தெரியாத தெலுங்குக் கிராமத்தாருக்கு அவர்கள் மண்ணின் பாட்டையும் நாடகத்தையும் கொண்டே விசுவாசத்தைக் கற்பித்தார். ஞானஸ்நானம் பெற்றவரை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காமல் ஊழியத்தில் இறக்கினார். அவர் படத்தை மாட்டி வைத்திருப்பவர்கள் அவர் செய்ததையும் கொஞ்சம் செய்யலாம்.

புதியவரை எழுப்பி நிறுத்துவதை வரும் ஞாயிறே நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டவும், பண்டிகை நாளில் வீட்டுக்கு அழைத்துப் போகவும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குங்கள். இரண்டு மாலைகளில் முடிந்துபோகும் ஞானஸ்நான வகுப்பு ஓராண்டாவது நடக்கட்டும். ஊர் விசாரிப்பவர் மூத்த கமிட்டி உறுப்பினரே ஆனாலும் போதகர் கண்டிக்க வேண்டும். சந்தா பாக்கிக்காக அடக்கத்தைத் தடுக்கும் விதி எங்கிருந்தாலும் நீக்கப்பட வேண்டும்.

அடுத்த சபைத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் ஒட்டப்படும்போது, முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று சபையார் எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.