பருமனைக் குறைக்கக் குளிகையா, கீரையா?



குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை வளர்த்து உடல் பருமனைக் குறைக்கும் மூலிகை என்று சொல்லி லிங்ஸி காளான் குளிகைகள் விற்கப்படுகின்றன. பருமனான பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்கின்றனர். அவர்களின் கவலை நியாயமானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள். பத்துப் பேரில் மூவர்!

இந்த விளம்பரங்களுக்குப் பின்னால் மெய்யான ஆய்வு இருப்பதை மறுப்பதற்கில்லை. 2006இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், பருத்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரே இன்றி வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினர். மெலிந்த எலிகளின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றைவிட இவற்றின் உடலில் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. 2015இல் தைவானின் சாங் குங் பல்கலைக்கழகத்தார், லிங்ஸி காளான் இழைகளின் நீர்ச்சாற்றைக் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குக் கொடுத்தனர். எடை கூடுவது குறைந்தது. குடல் நுண்ணுயிர்களின் கலவையும் மாறியது. அந்த எலிகளின் சாணத்தை வேறு எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றிலும் அதே பயன் தெரிந்தது.

வியப்பான செய்திதான். ஆயினும், நாம் மூன்றைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, பயன் கண்டவை எலிகள். வளரும் பிள்ளைகள் அல்ல.

இரண்டாவது, ஆய்வகத்தில் வடித்த சாறும் கடையில் விற்கும் குளிகையும் ஒன்றல்ல. எடை குறைப்புப் பொருள்கள் சிலவற்றில் சிபுட்ராமின் என்னும் மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்துள்ளது. இதயத்துக்குக் கேடு என்பதால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. ஆகவே, 'மால்' எனத் தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். மரபு மருந்தின் பதிவு எண்ணும்கூட, தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்ததற்கான அடையாளமேயன்றி, எடை குறையும் என்பதற்குச் சான்று அன்று.

மூன்றாவதே முதன்மையானது. அச்சாற்றில் வேலை செய்தது எது? நம் குடலால் செரிக்க இயலாத கூட்டுச் சர்க்கரைப் பொருள்கள். அவை பெருங்குடல்வரை சென்று நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. நார்ச்சத்தின் வேலையும் ஏறத்தாழ அதுதானே! முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொய்யா ஆகியவற்றில் அது நிறைய உண்டு. அந்த ஆய்விலிருந்து நாம் கற்க வேண்டியது, குடல் நுண்ணுயிர்கள் நாம் இடும் உணவுக்கேற்ப மாறும் என்பதே. காலையில் ஒரு குளிகையை விழுங்கிவிட்டு, நாள் முழுவதும் இனிப்புப் பானமும் பொரித்த கோழியும் உண்டால் என்ன பயன்?

ஆசிரியராக எனக்கு வேறொரு கவலையும் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் குளிகையை நீட்டினால், 'நீ நோயாளி' என்று அப்பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்கிறோம். மற்றவர்கள் எதிரே அமர்ந்து தே தாரிக் அருந்துவார்கள்! பிள்ளை மனம் நோகாதா? அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என அனைவர் தட்டும் ஒன்றாக மாற வேண்டும். வகுப்பில் 'குண்டு' என்ற பட்டப்பெயர் எழாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர்களாகிய நம் கடமை.

நம் பினாங்கு இதற்கு முன்மாதிரி காட்டிய மாநிலம். எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சர்க்கரைக்கு எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. அவர் மறைந்த 2019ஆம் ஆண்டிலேயே, ஜூலை முதல் நாள், சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி நடப்புக்கு வந்தது.

மூலிகையை நான் பழிக்கவில்லை. இரசத்தில் மிளகும் சீரகமும், சுண்டலில் இஞ்சியும் நாளும் நம் உணவில் இருக்கட்டும். குளிகைக்குச் செலவிடும் பணத்தில் பிள்ளைக்குப் பழம் வாங்குங்கள். தண்ணீர்ப் புட்டி கொடுத்தனுப்புங்கள். மாலையில் ஓடி விளையாட விடுங்கள். மருந்து தேவை என்று தோன்றினால், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிந்திப்போம், இன்றைய இரவுணவிலிருந்தே தொடங்குவோம்!