மக்கு என்னும் பட்டம்

நம் வீடுகளில் மிக எளிதாக வழங்கப்படும் பட்டம் ஒன்றுண்டு: ‘மக்கு’. அண்டை வீட்டுப் பிள்ளை சரளமாக வாசிக்க, நம் பிள்ளை எழுத்துக் கூட்டித் திணறினால் அப்பட்டம் உடனே சூட்டப்படுகிறது. வாப்பா பிரம்பை எடுக்கிறார். உம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். சில ஆண்டுகளில், மகனாயின் கடையில் உட்கார வைக்கப்படுகிறான். மகளாயின் அடுப்படிக்கு அனுப்பப்படுகிறாள். இதற்குப் பெயர் பிள்ளை வளர்ப்பா என்று கேட்கிறோம்.

அறிவு குறைந்ததால்தான் பிள்ளை வாசிக்கவில்லை என்பது பிழையான எண்ணம். 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், ஆயினும் எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவன். இன்று இதனை ‘டிஸ்லெக்சியா’ என்கின்றனர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் நேரும் இடர்ப்பாடு அது, சோம்பலன்று, பிடிவாதமுமன்று. சூராக்களைக் காதால் கேட்டே மனனம் செய்துவிடும் பிள்ளை, எழுத்தின் முன் தடுமாறி நிற்பதுண்டு. அறிவற்ற பிள்ளைக்கு அது கைகூடுமா?

தமிழ் எழுத்து எளிதுதானே என்போர் சற்றே சிந்திக்கட்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் சொற்களில் ஒரே ககரம் மூவகையாய் ஒலிக்கிறது. பழகிப்போன நமக்கு இவை புலப்படுவதில்லை. திணறும் பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் ஒரு மேடு.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதும் கொடுமையே. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை நலமாயிருந்தும் திணறல் நீடித்தால், கற்றல் குறைபாட்டை ஆராயும் வல்லுநரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் சிறிது நேரம், சில எழுத்துகளை மட்டும், வாயால் ஒலித்தும் மணலில் விரலால் எழுதியும் பழக்குங்கள். அவை படிந்த பின்னரே அடுத்தவற்றுக்குச் செல்லுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. உரிய சான்று பெற்ற மாணவர்க்குத் தமிழகப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கின்றன. ஆனால் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாளை யார் சம்பந்தம் பேச வருவார்கள்?’ என்றஞ்சி, அச்சான்றை வேண்டாமென்போர் நம்மிடையே உள்ளனர். ஊர்வாய்க்கு அஞ்சிப் பிள்ளையின் எதிர்காலத்தை விலையாகக் கொடுப்பது என்ன நியாயம்?

வெட்கப்பட வேண்டியது பிள்ளையன்று. அதை அடித்த கை. இன்றிரவு புத்தகத்தை விரிக்கும்போது அதன் காதைத் திருகாதீர்கள், விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.