பேரொலியும் ஏட்டுக் கணக்கும்

பொழிச்சலூரார்க்கு விமானத்தின் முழக்கம் புதிதன்று. மீனம்பாக்கம் விமான நிலையத்தை அடுத்த ஊராதலின், பேச்சை இடையில் நிறுத்திப் பின் தொடர்வது அங்குப் பலர்க்கும் பழக்கம். ஒலியைத் தடுக்க வழி காணாது, அதனைப் பற்றிக் கணக்கு எழுதுவதால் யாது பயன் என்று அவருள் ஒருவர் வினவுதல் இயல்பே. எனினும் அவ்வினா முறையன்று என்பது என் கருத்து.

மெல்லொலியின் கணக்கு எளிது. அலையின் எல்லாப் பகுதியும் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் ஒருசேரச் செல்லும், வடிவம் மாறாது. பேரொலியோ அவ்வாறன்று. நெருக்கமுற்ற காற்று சூடேறுகிறது. சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். அக்காற்றும் முன்னோக்கி நகர்வதால் விரைவு மேலும் கூடும். ஆகவே அலையின் முகடு தனக்கு முன்னுள்ள அகட்டை நெருங்கிக்கொண்டே போகிறது. கடலலை கரையருகே முன்சாய்ந்து கவிழ்வதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆனால் ஒலியலை கவிழ்வதில்லை. முன்புறம் செங்குத்தாகி, ரம்பத்தின் பல்லைப் போன்ற வடிவு கொள்கிறது. அதுவே அதிர்ச்சி அலை. (பொழிச்சலூரை வந்தடையும் ஒலி அத்துணை வலியதன்று, போர் விமானத்தின் ஜெட் எந்திரத்தருகே இது நிகழும்.)

இதனை 1848 இல் இங்கிலாந்தில் ஸ்டோக்சும், 1860 இல் ஜெர்மனியில் ரீமானும் ஆராய்ந்தனர். அன்று விமானமே இல்லை. தம் ஆய்வு சோதனைகளுக்குப் பயன்படும் என்று ரீமான் உரிமை கொண்டாடவுமில்லை. கணிதத்திற்கு ஒரு துணையாகவே அதனைக் கருதினார். பயனை முன்னரே காட்டுக என்று கேட்டிருப்பின், அவர் எதனைக் காட்டியிருப்பார்? 1980 இல் மியூனிக் நகர மருத்துவர்கள் உடலைக் கீறாமல், அதிர்ச்சி அலைகளைக் குவித்துச் சிறுநீரகக் கல்லை உடைத்தனர். அவ்வலையின் போக்கை உரைக்கும் கணிதம் ஏட்டில் ஏறி அப்போது 120 ஆண்டுகள் ஆகியிருந்தன.