அளவுகோலும் ஆட்டத்திறனும்

பட்மின்டன் விளையாட்டுக்குச் சிறுவரைத் தெரிவு செய்வோர் பலர் உடற்றகுதிப் பரீட்சையையே பெரிதும் நம்புகின்றனர். உயரம், பாய்ச்சல், ஓட்டம் ஆகியன அளக்கப்படுகின்றன; எண்கள் கூட்டப்படுகின்றன; பட்டியல் தயாராகிவிடுகிறது. இதற்கு விஞ்ஞானம் என்ற பெயர் வேறு!

அளக்கப்படுவது யாது? லெஜே, லம்பெர் ஆகியோர் 1982 இல் வெளியிட்ட 20 மீற்றர் மீளோட்டப் பரீட்சை தாங்குதிறனை மதிப்பிடுவது. ஆனால் பட்மின்டன் களத்தின் முழு நீளமே 13.40 மீற்றர்தான். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டியது 6.70 மீற்றர் நீளமும் 5.18 மீற்றர் அகலமுமான பரப்பே. அங்கே நெடுந்தூர நேரோட்டத்துக்கு இடமில்லை. எதிராளியின் தோளசைவைக் கண்டு பந்தின் திசையை முன்னுணரும் கண்ணை எந்தக் கடிகாரம் அளக்கும்?

இதனினும் கொடிய அநீதி ஒன்றுண்டு. ஆண்பிள்ளைகளின் உயர வளர்ச்சி சராசரியாக 14 வயதளவிலேயே உச்ச வேகம் பெறுகிறது. சிலருக்கு அது முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆகவே 13 வயதுப் பிரிவில் ஒருவன் பாதி இளைஞன், மற்றவன் முழுச் சிறுவன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, முந்தியவனைத் திறமைசாலி என்கிறோம். பிந்தியவன் வளர்ந்து வரும்போது அவனுக்குக் களமுமில்லை, பயிற்றுநருமில்லை.

2017 இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், தம்மிலும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த சிந்துவை ஒக்குஹரா 110 நிமிடம் போராடி வென்றார். தாங்குதிறன் வேண்டாம் என்பாரில்லை. அது பயிற்சியால் வளர்வது. பரீட்சையும் நடக்கட்டும், ஒரு பிள்ளையை அதன் சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிடுவதற்காக. வாயிலை மூடுவதற்கு முன்னர், தெரிவாளர் அப்பிள்ளை ஆடும் ஓர் ஆட்டத்தையாவது முழுமையாக இருந்து பார்க்கட்டும்.