நிறம் பார்த்தார்கள், நஞ்சைப் பார்க்கவில்லை!

பிள்ளை இருமுகிறது என்றால், உழைத்த கூலியைக் கொடுத்து மருந்து வாங்கி வருகிறான் தொழிலாளி. புட்டிக்குள் இருப்பது என்ன? அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. தெரிந்திருக்க வேண்டியவன் தயாரித்தவன். பார்த்தானா அவன்?

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவில், டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் மாசென்கில் என்றொரு மருந்துக் கம்பெனி. சல்பானிலமைடு நல்ல மருந்துதான். மாத்திரையாகவும் தூளாகவும் உயிர் காத்த மருந்துதான். தண்ணீர் மருந்தாக இருந்தால் நன்றாக விற்குமே என்றனர் விற்பனையாளர்கள். தலைமை வேதியியலார் ஹரால்டு வாட்கின்ஸ் எதில் கரைப்பதென்று தேடினார். டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்தது, இனிக்கவும் செய்தது!

சோதனைக்கூடம் நிறம் பார்த்தது, மணம் பார்த்தது, சுவை பார்த்தது. நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. மருந்து பழையது, கரைசல் புதியது. கரைசல் மாறினால் சரக்கே மாறிற்று என்ற நினைப்பு இல்லை. நாலு எலிகளுக்கு ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்! 100க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். பலர் பச்சிளம் பிள்ளைகள். கம்பெனிமீது என்ன குற்றச்சாட்டு தெரியுமா? கொன்றதற்காக அல்ல! சாராயம் கலவாத சரக்குக்கு ‘எலிக்சிர்’ என்று பெயர் சூட்டியதற்காக! விற்குமுன் சோதித்துக் காட்டு என்று சொல்ல அன்று அங்கே சட்டமில்லை. 1938இல்தான் வந்தது.

88 ஆண்டுகள் உருண்டன. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகள் மடிந்தனர். குடித்தது கோல்ட்ரிப் இருமல் மருந்து. தயாரானது எங்கே? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழ்நாட்டு அரசு ஆய்வுக்கூடம் சோதித்தது: அதே டைஎத்திலீன் கிளைக்கால், 48.6 சதவீதம். அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். உரிமம் ரத்து, உரிமையாளர் கைது, எல்லாம் நடந்தது. 20க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் போனபின்!

அமெரிக்கருக்கு அன்று சட்டமில்லை. நமக்கோ 1940 முதல் சட்டம் இருக்கிறது; மூலப்பொருளை ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்க விதியும் இருக்கிறது. மருந்துக்கு உரிய புரோப்பிலீன் கிளைக்காலும் இந்த நஞ்சும் பார்வைக்கு ஒன்றுதான்: நிறமற்ற, பிசுபிசுப்பான நீர்மம். கண்ணை நம்பினால் மோசம், பீப்பாய்மீது ஒட்டிய சீட்டை நம்பினாலும் மோசம். புட்டியில் நஞ்சைக் கண்டுபிடித்த அதே சோதனையைப் பீப்பாயைத் திறந்த அன்றே செய்திருக்கலாமே! என்ன தடை? விஞ்ஞானமா? இல்லை, சிக்கனம்!

மருந்து ஆய்வாளர் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், ஊழியர் பட்டியலையும் சுவரின் வெள்ளையடிப்பையும் அப்புறம் பார்க்கட்டும். முதலில் பீப்பாயைத் தட்டிக் கேட்கட்டும்: இதைச் சோதித்த தாள் எங்கே, கையெழுத்திட்டவர் யார்?